பீனாலிக் ரெசின் க்யூரிங்: வெப்பம் தாங்கும்படி இறுக வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே மூட்டையிலிருந்து எடுத்த பீனாலிக் பவுடரை வைத்து, ஒரே மாதிரி அச்சில், இரண்டு பேர் பொருள் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் செய்தது 170 டிகிரியில் அசையாமல் வேலை செய்கிறது. மற்றவர் செய்தது முதல்முறை சூடேறும்போதே கொப்புளித்துவிடுகிறது. ரெசின் ஒன்றுதான், இறுக வைத்த விதம்தான் வேறு. பீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து உருவாகும் பீனாலிக் ரெசின் வெப்பம் தாங்கும் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். ஆனால் அந்தக் குணம் மூட்டைக்குள் தயாராக இருப்பதில்லை. அச்சிலும் அதற்குப் பிறகு ஓவனிலும் அதைப் படிப்படியாக உருவாக்க வேண்டியிருக்கிறது.

மோல்டிங் செய்பவர்கள், லாமினேட் அழுத்துபவர்கள், பிரேக் பேட் போன்ற உராய்வுப் பொருள்கள் செய்பவர்கள், பாலிமர் படிக்கும் மாணவர்கள் எல்லோருக்கும் பயன்படும்படி, ரெசின் வகையைக் கண்டறிவதிலிருந்து பொருளைச் சூட்டில் வைத்துச் சோதிப்பது வரை வரிசையாகச் சொல்கிறேன். வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில். உங்கள் ரெசினுக்கான தரவுத்தாளில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கையில் இருப்பது ரெசாலா, நோவலாக்கா?

பீனால் மூலக்கூறில் ஃபார்மால்டிஹைடு வந்து சேரக்கூடிய இடங்கள் மூன்று: ஹைட்ராக்சில் குழுவுக்குப் பக்கத்தில் இருபுறமும் உள்ள ஆர்த்தோ இடங்கள் இரண்டு, நேர் எதிரே உள்ள பாரா இடம் ஒன்று. பீனாலுக்கு மூன்று கை, ஃபார்மால்டிஹைடுக்கு இரண்டு கை என்று மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிதாகப் புரியும். எல்லாக் கைகளும் கோத்துக்கொள்ள, ஒரு மோல் பீனாலுக்கு ஒன்றரை மோல் ஃபார்மால்டிஹைடு வேண்டும் (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு).

ரெசால் வகையில் ஃபார்மால்டிஹைடு கூடுதலாகப் போடப்படுகிறது. பீனால் ஒன்றுக்கு பெரும்பாலும் 1.5 முதல் 2 மோல் வரை. வினையூக்கி காரம்: சோடியம் ஹைட்ராக்சைடு, அம்மோனியா, பேரியம் ஹைட்ராக்சைடு போன்றவை. இறுகத் தேவையான மெத்திலால் குழுக்கள், அதாவது ஃபார்மால்டிஹைடு பீனாலில் ஒட்டியதால் உண்டான CH2OH முனைகள், ரெசினுக்குள்ளேயே இருப்பதால், சூடு கொடுத்தால் போதும், தானாக இறுகிவிடும். குளிர்ச்சியில் வைக்காவிட்டால் டிரம்முக்குள்ளேயே மெல்ல மெல்லக் கெட்டியாவதும் இதனால்தான்.

நோவலாக் வகையில் ஃபார்மால்டிஹைடு குறைவு, 0.75 முதல் 0.85 வரை. ஆக்சாலிக் அமிலம் போன்ற அமில வினையூக்கியில் செய்வார்கள். எத்தனை முறை உருக்கினாலும் இது தானாக இறுகாது. இறுக ஹெக்சமின் சேர்க்க வேண்டும். ஃபார்மால்டிஹைடும் அம்மோனியாவும் சேர்ந்து உண்டாகும் வெள்ளைப் பவுடர் அது. பவுடராக, உலர்ந்த இடத்தில் நீண்ட நாள் வைத்திருக்கலாம். ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடும்.

இந்த வேறுபாட்டை முதலில் தெரிந்துகொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரெசால் இறுகும்போது முக்கியமாக வெளியே வருவது தண்ணீர். நோவலாக்கும் ஹெக்சமினும் சேர்ந்து இறுகும்போது வெளியே வருவது அம்மோனியா. பீனாலிக்கில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டு வாயுக்களை எப்படி வெளியேற்றுகிறோம் என்பதில்தான் தொடங்குகிறது.

படி 2: அச்சில் போடுவதற்கு முன் சரக்கைச் சோதியுங்கள்

முதல் சோதனை ஜெல் நேரம். 150 டிகிரியில் நிலையாக வைத்த சூட்டுத் தட்டில் சிறிது ரெசினைப் போட்டு, தட்டையான கரண்டியால் தேய்த்துக்கொண்டே இருங்கள். நூல் இழுக்கும் பதம் போய், பிசுக்கென்று ஒட்டாமல் பிரியும் தருணம்தான் ஜெல் நேரம். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை, தட்டின் வெப்பநிலை மட்டும் ஒரு டிகிரிக்குள் நிலையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு லாட்டுக்கும் இதை எழுதி வைத்தால், அச்சில் ஏன் திடீரென்று நடத்தை மாறியது என்று தேடவேண்டிய நாளில் கைகொடுக்கும்.

இரண்டாவது ஓட்டம். ரெசின் பவுடரைச் சிறு வில்லையாக அழுத்தி, 125 டிகிரியில் கண்ணாடித் தட்டில் வைத்து, தட்டைச் சாய்த்து, எவ்வளவு தூரம் வழிகிறது என்று அளப்பார்கள். ஓட்டம் குறைந்தால் நிரப்பியை, அதாவது ரெசினோடு கலக்கும் மரத்தூள், மைக்கா போன்றவற்றை, நன்றாக நனைக்காது. கூடினால் அச்சின் இடுக்கு வழியே ரெசின் மட்டும் பிரிந்து வழிந்துவிடும்.

மூன்றாவது ஈரம். நோவலாக் பவுடரிலும் மோல்டிங் கலவையிலும் சிறிதளவு ஈரம் ஹெக்சமின் வினையைத் தொடங்கி வைக்க உதவுகிறது என்பது உண்மை. ஆனால் மழைக்காலத்தில் திறந்து வைத்த மூட்டை அந்தச் சிறிதளவை எளிதாகத் தாண்டிவிடும். மூட்டை திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். பயன்படுத்தியதும் வாயைக் கட்டுங்கள்.

ரெசால் என்றால் பாகுத்தன்மையையும், தண்ணீரில் எவ்வளவு கரைகிறது என்பதையும் பாருங்கள். சேமிப்பில் வயதாக ஆக, தண்ணீர் ஏற்கும் அளவு குறைந்துகொண்டே போகும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றியதும் பால் போலக் கலங்கினால், டிரம்மில் பாதி வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது என்று பொருள்.

படி 3: ஹெக்சமின் அளவைக் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள்

ரெசால் பயன்படுத்துபவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

நோவலாக்கில் ஃபார்மால்டிஹைடு விகிதம் 0.8 என்று வைத்துக்கொள்வோம். எல்லா இடங்களும் நிரம்ப 1.5 வேண்டும். அதாவது பீனால் வளையங்களை இணைக்கும் மெத்திலீன் (CH2) பாலங்கள் இன்னும் 0.7 மோல் பாக்கி. ஒரு மோல் ஹெக்சமின் 140 கிராம், அதிலிருந்து ஆறு மெத்திலீன் பாலங்கள் கிடைக்கும். ஒரு மோல் பீனாலுக்கு ஈடான நோவலாக்கின் எடை ஏறத்தாழ 104 கிராம். கணக்குப் போட்டால் 100 கிராம் நோவலாக்குக்கு 16 கிராம் ஹெக்சமினை ஒட்டி வருகிறது.

நடைமுறையில் யாரும் அவ்வளவு போடுவதில்லை. பெரும்பாலும் 8 முதல் 12 கிராம்தான். வலை இறுக இறுக, மீதமுள்ள பல இடங்கள் ஒன்றையொன்று எட்ட முடியாமல் தூரத்தில் சிக்கிக்கொள்கின்றன. அவற்றுக்காகப் போடும் ஹெக்சமின் வீணாகிறது. வீணாவதோடு நின்றால் பரவாயில்லை. 10 கிராம் ஹெக்சமினில் உள்ள நைட்ரஜன் முழுதும் அம்மோனியாவாக வெளியேறினால் 4.9 கிராம் வரும். அறை வெப்பநிலையில் அது ஏறத்தாழ 7 லிட்டர் வாயு! உண்மையில் நைட்ரஜனில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. இடைநிலையாக பென்சாக்சசீன், பென்சைலமீன் வகைப் பிணைப்புகள் உருவாகி, சூடு கூடும்போது அவை மெத்திலீன் பாலங்களாக மாறுகின்றன. மாறாமல் எஞ்சும் நைட்ரஜன் பாலங்கள் பிற்பாடு பயன்பாட்டுச் சூட்டில் முதலில் அறுபடும் இடங்களாகின்றன. ஹெக்சமினில் இறுகிய பொருளுக்கு வரும் மஞ்சள் சாயலும் நைட்ரஜன் சார்ந்த அமைப்புகளால்தான்.

எனவே வெப்பத் தாங்குதிறன் குறைகிறதே என்று ஹெக்சமினைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 8, 10, 12 என்று மூன்று கலவை போட்டு, மூன்றையும் ஒரே மாதிரி போஸ்ட் க்யூர் செய்து (அச்சிலிருந்து எடுத்த பிறகு ஓவனில் மேலும் இறுக வைப்பது, படி 6-ல் வரும்), அதன் பிறகு ஒப்பிடுங்கள். போஸ்ட் க்யூருக்கு முன் ஒப்பிட்டால் தவறான கலவையே வெற்றி பெறக்கூடும்.

வேகம்தான் தேவை என்றால் ஹெக்சமினைக் கூட்டுவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. துத்தநாக அசிட்டேட் போன்ற உப்புகளை வினையூக்கியாக வைத்துச் செய்யும் உயர் ஆர்த்தோ நோவலாக்கில், வேகமாக வினைபுரியும் பாரா இடங்கள் காலியாக விடப்பட்டிருக்கும். அதே அளவு ஹெக்சமினில் அது விரைவாக இறுகும்.

படி 4: அச்சில் அழுத்துவது

லியோ பேக்கலாண்ட் 1907-ல் விண்ணப்பித்து 1909 டிசம்பர் 7-ல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையின் சாரமே இந்தப் படிதான். பீனாலும் ஆல்டிஹைடும் சேர்ந்தால் பிசின் போன்ற ஒன்று வரும் என்பதை அடால்ஃப் ஃபான் பேயர் 1872-லேயே பார்த்திருந்தார். ஆனால் சூடாக்கினால் நுரைத்துப் பொங்கி உதவாத கட்டியாகிவிடும் என்பதால், நுரைக்காமல் இருக்க எல்லோரும் சூட்டைக் குறைக்கப் பார்த்தார்கள். பேக்கலாண்ட் சூட்டைக் கூட்டினார், கூடவே அழுத்தத்தையும் கூட்டினார். வாயு குமிழாக மாறாதபடி அழுத்தம் அமுக்கி வைத்தது. இன்று நாம் அச்சில் செய்வதும் அதேதான்.

எவ்வளவு தண்ணீர் வரும் என்று பார்ப்போம். 94 கிராம் பீனாலும் 45 கிராம் ஃபார்மால்டிஹைடும் முழுதாக வினைபுரிந்தால் 112 கிராம் இறுகிய ரெசினும் 27 கிராம் தண்ணீரும் கிடைக்கும். மொத்த எடையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு! இதில் ஒரு பகுதி ரெசின் தயாரிக்கும்போதே நீக்கப்படும், மீதி அச்சுக்குள் வெளியே வரும். மூடிய இடத்தில் நீராவியின் அழுத்தம் 150 டிகிரியில் ஏறத்தாழ 4.8 பார், 170-ல் 7.9 பார், 180-ல் 10 பார். மோல்டிங் அழுத்தமோ பொதுவாக 15 முதல் 40 மெகாபாஸ்கல், அதாவது 150 முதல் 400 பார். எனவே அச்சு மூடியிருக்கும்வரை ஆபத்தில்லை. அச்சைத் திறக்கும் அந்த நொடியில், உள்ளே அடைபட்ட ஆவியைத் தாங்கும் அளவுக்குப் பொருள் விறைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. விறைக்கவில்லை என்றால் கொப்புளம். அச்சு நேரம் என்பதே இந்தக் கேள்விக்கான விடைதான்.

இப்போது வேலை முறை. அச்சின் வெப்பநிலை 150 முதல் 190 வரை, பெரும்பாலானவர்களுக்கு 165 முதல் 175 வசதியாக இருக்கும். கன்ட்ரோலர் காட்டும் எண்ணை நம்பி இருந்துவிடாமல், அச்சின் மேற்பரப்பில் பல இடங்களில் தெர்மோகப்பிள் வைத்துப் பாருங்கள். மூலைக்கும் நடுவுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரே பொருளில் இரண்டு விதமாக இறுகிய பகுதிகள் இருக்கும்.

முடிந்தால் கலவையை முன்கூட்டியே 90 முதல் 110 டிகிரிக்குச் சூடேற்றிக்கொள்ளுங்கள். உயர் அதிர்வெண் ஹீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, உள்ளும் புறமும் ஒன்றாகச் சூடாகும். ஈரம் அச்சுக்கு வெளியிலேயே போய்விடும், அச்சு நேரமும் குறையும். ஆனால் சூடேற்றிய கலவையை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. எடுத்த வேகத்தில் அச்சில் போட்டுவிட வேண்டும்.

அச்சு மூடி, ரெசின் உருகி ஓடத் தொடங்கியதும், ஓரிரு நொடி அழுத்தத்தை விட்டு அச்சைச் சற்றே திறந்து மூடுங்கள். இதைத் தொழிலில் ப்ரீத்திங் என்பார்கள். சீக்கிரம் செய்தால் வெளியேற வாயுவே இருக்காது. தாமதமாகச் செய்தால் மேற்பரப்பு பாதி இறுகியிருக்கும், திறந்த தடம் விரிசலாக நிலைத்துவிடும். சரியான நேரத்தை உங்கள் ஜெல் நேரத்தை வைத்து முயன்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். ஹெக்சமின் உள்ள உராய்வுப் பொருள்களில் ஒரு ப்ரீத்திங் போதாது, பலமுறை தேவைப்படும்.

பிடித்து வைக்கும் நேரம், தடிமனில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 30 நொடி முதல் ஒரு நிமிடம் என்று தொடங்கலாம். தடித்த பொருளில் இந்த விதி ஏமாற்றும். பீனாலிக் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் பொருள், இறுகும் வினையோ வெப்பத்தை வெளிவிடும். முதலில் நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கும். வினை தொடங்கிய பிறகு உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லாமல், நடுப்பகுதி அச்சைவிடச் சூடாகும். தடித்தவற்றுக்கு அச்சு வெப்பநிலையை 150-ஐ ஒட்டி இறக்கி, நேரத்தை நீட்டுவதே பாதுகாப்பு.

ரெசால் ஊறவைத்த காகிதம் அல்லது துணியில் லாமினேட் செய்பவர்களுக்கு, அழுத்துவதற்கு முந்தைய உலர்த்தலில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ரெசினை பி-நிலைக்கு, அதாவது சூட்டில் இளகும் ஆனால் கரைப்பானில் முழுதாகக் கரையாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆவியாகும் பொருள் மிச்சமிருந்தால் அடுக்குகள் பிரியும். உலர்த்தல் மிஞ்சினால் அடுக்குகள் ஒட்டவே ஒட்டாது. ஒவ்வொரு சுருளிலும் சிறு துண்டு வெட்டி, 160 டிகிரியில் சில நிமிடம் வைத்து எடைக் குறைவைப் பாருங்கள். மின்காப்புக்கான லாமினேட் என்றால் சோடியம் ஹைட்ராக்சைடில் செய்த ரெசாலைத் தவிர்த்து, அம்மோனியாவில் செய்ததைத் தேர்ந்தெடுங்கள். எஞ்சிய சோடிய உப்பு ஈரத்தை இழுத்து மின்கசிவுக்கு வழிசெய்யும்.

பாரா டொலுவீன் சல்ஃபோனிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்து ரெசாலை அறை வெப்பநிலையிலேயே இறுக வைக்கும் முறையும் உண்டு. சூடு தேவையில்லை என்பது வசதிதான், ஆனால் உயர் வெப்பப் பயன்பாட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அமிலம் பொருளுக்குள்ளேயே தங்கி, தொடும் உலோகத்தை அரிக்கும். வேறு வழியில்லாமல் பயன்படுத்தினால், சிறு சிறு அளவாகக் கலந்து, உடனே மெல்லிய படலமாகப் பரப்புங்கள். வாளி நிறையக் கலந்து வைத்தால் வினையின் வெப்பம் சேர்ந்து கொதித்து எழும்.

படி 5: இறுகிவிட்டதா என்று பாருங்கள்

நிறத்தை நம்ப வேண்டாம். பீனாலிக் சூட்டில் செம்பழுப்பாகக் கறுப்பதற்கு மேற்பரப்பில் நடக்கும் ஆக்சிஜனேற்றமும் குயினோன் வகை அமைப்புகளும் காரணம். மேலே கறுத்து, உள்ளே பாதிகூட இறுகாத பொருள் இருக்கலாம்.

எளிய சோதனை அசிட்டோன். பொருளைப் பொடித்து, எடை பார்த்து, அசிட்டோனில் பல மணி நேரம் பிரித்தெடுத்து, கரைந்த பங்கை அளக்கவும். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் திறந்த சுடர் பக்கத்தில் இருக்கக் கூடாது. நன்றாக இறுகியதில் கரையும் பங்கு மிகக் குறைவாக இருக்கும். ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு இந்தச் சோதனை எல்லாவற்றையும் ஒரே மாதிரி காட்டும். வலையில் ஒரு பிணைப்பால் மாட்டிய மூலக்கூறும் கரையாது, மூன்றாலும் மாட்டியதும் கரையாது.

அதற்கு மேல் பிரித்துப் பார்க்க டி.எஸ்.சி. (டிஃபரன்ஷியல் ஸ்கேனிங் கலோரிமீட்டர்) கருவி வேண்டும். எஞ்சிய வினை வெப்பத்தை அது அளக்கும். பீனாலிக்குக்கு அழுத்தம் தாங்கும் மூடிய கிண்ணத்தில்தான் அளக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சாதாரணக் கிண்ணத்தில் தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சி, வினை வெளிவிடும் வெப்பத்தை மறைத்துவிடும். விறைப்பு எந்த வெப்பநிலையில் தளர்கிறது என்று டி.எம்.ஏ. (டைனமிக் மெக்கானிக்கல் அனலைசர்) கருவியில் பார்ப்பது இன்னும் நேரடியானது. வெப்பம் தாங்க வேண்டிய பொருளுக்கு என் தேர்வு அதுதான்.

படி 6: போஸ்ட் க்யூர்

அச்சிலிருந்து வந்த பொருள் கல் போல இருக்கும். அதனால் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் வெப்பத் தாங்குதிறனின் பெரும்பகுதி இனிமேல்தான் கிடைக்கப்போகிறது.

குறுக்குப் பிணைப்பு கூடக் கூட, பொருள் விறைப்பிலிருந்து தளரும் வெப்பநிலை, அதாவது கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, உயர்ந்துகொண்டே வரும். அது அச்சின் வெப்பநிலையை எட்டியதும் மூலக்கூறுகள் நகர முடியாமல் உறைந்துபோகும். இன்னும் வினைபுரியக்கூடிய மெத்திலால்கள், ஈதர் பாலங்கள், ஹெக்சமின் மிச்சங்கள் எல்லாம் உள்ளே இருக்கும், ஆனால் ஒன்றையொன்று சந்திக்காது. அதே 165 டிகிரியில் இன்னும் ஒரு மணி நேரம் வைத்தாலும் பெரிதாக எதுவும் நடக்காது. வெப்பநிலையை ஏற்றினால்தான் மீண்டும் அசைவு வரும்.

சரி, நேராக 200-க்கு ஏற்றிவிடலாமா? கூடாது. அப்படிச் செய்தால் பொருள் தன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையைத் தாண்டி இளகும், அதே நேரம் உள்ளே மிச்சமிருந்த தண்ணீரும் அம்மோனியாவும் ஒரே மூச்சில் கிளம்பும். இளகிய பொருளும் கிளம்பும் வாயுவும் சேர்ந்தால் கொப்புளம், வளைவு, உள்விரிசல். எனவே ஓவனின் வெப்பநிலை, பொருளின் அந்த நேரத்துக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை மிகவும் முந்தாமல், அதை ஒட்டியே மெல்ல ஏற வேண்டும்.

3 மில்லிமீட்டருக்கு உட்பட்ட, கனிம நிரப்பி உள்ள பொருளுக்கு நல்ல தொடக்கம் இது: அச்சு வெப்பநிலைக்குக் கீழே 140-ல் 2 மணி நேரம், பிறகு 165-ல் 4 மணி நேரம், பிறகு 190-ல் 4 மணி நேரம். ஒவ்வொரு படிக்கும் இடையே மெதுவாக ஏற்றுங்கள். தடிமன் கூடினால் நேரத்தைத் தாராளமாக நீட்டுங்கள். வாயு வெளியே வர வேண்டிய தூரம் இரண்டு மடங்கானால், பரவி வெளியேறும் நேரம் நான்கு மடங்கை நெருங்கும். தடித்த பாகங்களுக்கு ஒரு நாளைத் தாண்டிய போஸ்ட் க்யூர் வழக்கமானதுதான், அதில் அவசரம் காட்டியவர்கள் யாரும் லாபம் பார்த்ததில்லை.

இந்தப் படிகளில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பொறுமை வரும். ரெசாலில் இரண்டு மெத்திலால்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் ஈதர் பாலம் உருவாகிறது. 150 டிகிரியைத் தாண்டியதும் அந்த ஈதர் பாலங்கள் ஃபார்மால்டிஹைடை வெளிவிட்டு, உறுதியான மெத்திலீன் பாலங்களாக மாறுகின்றன. நோவலாக்கில் நைட்ரஜன் பாலங்களுக்கும் இதே போன்ற மாற்றம் நடக்கிறது. பலவீனமான பாலங்களை உறுதியான பாலங்களாக மாற்றும் வேலை இது, வெறும் உலர்த்தல் என்று நினைத்துவிடக் கூடாது.

கடைசிப் படியின் வெப்பநிலை, பயன்பாட்டு வெப்பநிலையைவிடச் சற்று மேலே இருப்பது நல்லது. இல்லாவிட்டால் போஸ்ட் க்யூரின் மிச்சம் இயந்திரத்துக்குள் நடக்கும், அங்கே பொருள் சுருங்கி அளவு மாறும். போஸ்ட் க்யூரில் சுருக்கம் நிச்சயம் உண்டு. துல்லிய அளவு தேவைப்படும் பாகமென்றால் அச்சை வடிவமைக்கும்போதே அதைக் கணக்கில் எடுங்கள், அல்லது போஸ்ட் க்யூருக்குப் பிறகு கடைசல் செய்யுங்கள். தட்டையான பாகங்களை ஒன்றின்மேல் ஒன்று குவிக்காமல், காற்று சுற்றிவர இடைவெளி விட்டு, வளையாதபடி தாங்கிகளில் வையுங்கள். மரத்தூள், பருத்தி போன்ற கரிம நிரப்பி உள்ளவற்றை 190 வரை கொண்டுபோக வேண்டாம். ரெசின் தாங்கினாலும் நிரப்பி கருகத் தொடங்கும்.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள எடைத் தராசு போதும். ஒரு மாதிரித் துண்டை ஒவ்வொரு படியின் முடிவிலும் ஈரமில்லாத டெசிகேட்டரில் ஆறவைத்து எடை பாருங்கள். எடைக் குறைவு தட்டையாகும்வரை அதே படியில் நிறுத்தி, பிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

ஓவனின் வெளியேற்றக் குழாய் திறந்திருக்க வேண்டும். வெளிவருவதில் பீனால், ஃபார்மால்டிஹைடு, அம்மோனியா மூன்றும் உண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பீனால் தோலில் பட்டால் முதலில் மரத்துப்போவதால் வலி தெரியாது, ஆனால் தோல் வழியே உடலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ரெசினைக் கையாளும்போது கையுறையும் கண் காப்பும் கட்டாயம். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் தொடர்ந்து கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். நோவலாக் தூள் காற்றில் பறந்தால் தீப்பொறியில் வெடிக்கவும் கூடும் என்பதால், கலவை அறையில் தூசி படிய விடாதீர்கள்.

படி 7: எவ்வளவு சூடு தாங்கும் என்று சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பொருள் எத்தனை டிகிரி தாங்கும் என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். எவ்வளவு நேரம், காற்றிலா காற்றில்லாமலா, சுமையோடா சுமையில்லாமலா என்ற மூன்றும் சேர்ந்தால்தான் பதில் வரும்.

காற்றில், தொடர்ச்சியாக, நல்ல கனிம நிரப்பியோடு என்றால் 150 முதல் 180 டிகிரி என்று திட்டமிடலாம். அதற்கு மேலே எதிரி வெப்பத்தைவிட ஆக்சிஜன்தான். இரண்டு வளையங்களுக்கு நடுவே உள்ள மெத்திலீன் பாலத்தை ஆக்சிஜன் தாக்கி, முதலில் ஹைட்ராக்சில் குழுவாகவும் பிறகு கார்பனைல் குழுவாகவும் மாற்றி, கடைசியில் அறுக்கிறது. நாம் பாடுபட்டு உருவாக்கிய அதே பாலத்தில்தான் தாக்குதல் நடக்கிறது. இது மேற்பரப்பிலிருந்து உள்ளே நகர்வது. அதனால் மெல்லிய பாகம் சீக்கிரம் நொறுங்கும், தடித்தது நீண்ட நாள் நிற்கும்.

காற்றில்லாத இடத்தில் கதையே வேறு. நைட்ரஜனில் வைத்து எடை இழப்பைப் பார்த்தால், 300 டிகிரி வரை தண்ணீரும் மிச்சமிருந்த சிறு மூலக்கூறுகளும் வெளியேறும். 300 முதல் 600 வரை வலை உடைந்து தண்ணீர், கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், பீனால், கிரசால் எல்லாம் வரும். 600-க்கு மேல் ஹைட்ரஜன் கழன்று, மிச்சம் கண்ணாடி போன்ற கார்பனாகச் சுருங்கும். முழுதாக இறுகிய ரெசினின் எடையில் ஏறத்தாழ 80% கார்பன்தான். 800-900 டிகிரியில் 50 முதல் 60% வரை கரியாகவே நிற்கும். இந்தக் கரி வெப்பத்தைத் தடுத்து, தானே எரிந்து தேய்ந்து, பின்னால் இருப்பதைக் காக்கும். 1995 டிசம்பர் 7-ல் வியாழனின் வளிமண்டலத்துக்குள் பாய்ந்த கலிலியோ ஆய்வுக் கலத்தின் வெப்பக் கவசம் கார்பன் பீனாலிக்தான். கவசத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தேய்ந்துபோனது, உள்ளிருந்த கருவிகள் வேலை செய்தன. 2006 ஜனவரியில் வால்நட்சத்திரத் தூசியோடு நொடிக்கு 12.9 கிலோமீட்டர் வேகத்தில் பூமிக்குத் திரும்பிய ஸ்டார்டஸ்ட் கலத்தைக் காத்ததும் பீனாலிக் ஊறிய கார்பன் இழைக் கவசம்தான்.

நம் பட்டறை வேலைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சில நிமிடம் கடும் சூடு பட்டு அழியலாம் என்ற பாகத்துக்கும், ஐந்து ஆண்டு மிதமான சூட்டில் உழைக்க வேண்டிய பாகத்துக்கும் ஒரே அளவுகோல் வைக்கக் கூடாது. முதலாவதற்குக் கரி விளைச்சலைப் பாருங்கள். இரண்டாவதற்குக் காற்றில் நடக்கும் ஆக்சிஜனேற்றத்தைப் பாருங்கள். பிரேக் பேட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 300 டிகிரியைத் தாண்டும் தருணங்களில் ரெசின் சிதைந்து வரும் வாயு பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே புகுந்து பிடிப்பைக் குறைக்கும். அதனால்தான் பேடின் மேற்பரப்பை முன்கூட்டியே சுட்டெடுக்கும் வழக்கம் வந்தது.

தாங்குதிறனைக் கூட்ட வேண்டுமானால் முதலில் நிரப்பியை மாற்றுங்கள். மரத்தூளை விட்டு மைக்கா, கண்ணாடி இழை, சிலிக்காவுக்குப் போவதே பெரிய வித்தியாசம் தரும். அடுத்து போரான் சேர்த்த பீனாலிக்கைப் பாருங்கள், ஆக்சிஜனேற்றத்தைத் தாமதப்படுத்தும், கரியும் கூடும். வாயுவே வராத ரெசின் வேண்டுமென்றால் பென்சாக்சசீன் இருக்கிறது. முந்திரி ஓட்டு எண்ணெயோ நைட்ரைல் ரப்பரோ சேர்த்தால் நொறுங்கும் குணம் குறையும், ஆனால் வெப்பத் தாங்குதிறனில் கொஞ்சத்தை விலையாகக் கொடுக்க வேண்டும்.

படி 8: கோளாறு வந்தால் எங்கே தேடுவது

அச்சைத் திறந்ததும் கொப்புளம் வந்தால் அச்சு நேரம் போதவில்லை, அல்லது ஈரம் அதிகம். அச்சில் நன்றாக வந்து போஸ்ட் க்யூரில் கொப்புளித்தால் ஓவன் வேகமாக ஏறியிருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு கலவையை மாற்றத் தொடங்காதீர்கள். பொருளை அறுத்துப் பார்த்து, நடுவில் மட்டும் நுண்துளைகள் இருந்தால் ப்ரீத்திங் நேரத்தையும் ஹெக்சமின் அளவையும் பாருங்கள். மேற்பரப்பு மங்கலாக, ஆரஞ்சுத் தோல் போல வந்தால், அழுத்தம் முழுதாக ஏறும் முன்பே மேல்தோல் இறுகிவிட்டது என்று பொருள். அச்சைச் சீக்கிரம் மூடவும், அல்லது வெப்பநிலையை 5 டிகிரி இறக்கவும். சூட்டில் அம்மோனியா வாசனை தொடர்ந்து வந்தால் போஸ்ட் க்யூர் முடியவில்லை.

கடைசியாக, பயன்பாட்டுக்கு அனுப்பும் முன் ஒரு முதுமைச் சோதனை. வளைவு வலிமைத் துண்டுகளைப் பயன்பாட்டு வெப்பநிலையிலும், அதைவிட 20, 40 டிகிரி கூடுதலாகவும் காற்றோட்டமுள்ள ஓவனில் வையுங்கள். வாரம் ஒருமுறை சில துண்டுகளை எடுத்து எடையும் வலிமையும் அளந்து எழுதுங்கள். முதல் வாரத்தில் வலிமை கூடினால் போஸ்ட் க்யூரில் இன்னும் மிச்சம் இருந்திருக்கிறது, அட்டவணையில் கடைசிப் படியை நீட்டுங்கள். எடை சிறிதே குறைந்து வலிமை வேகமாகச் சரிந்தால், ஆக்சிஜனேற்றம் மேற்பரப்பில் நுண்விரிசல்களைத் தொடங்கிவிட்டது, நிரப்பியையோ ரெசின் வகையையோ மாற்ற வேண்டும். வலிமை பாதியாகக் குறைய ஒவ்வொரு வெப்பநிலையிலும் எத்தனை நாள் ஆனது என்பதை வரைபடமாகப் போட்டால், வாடிக்கையாளர் கேட்கும் ஆயுளைக் கணக்கிட உங்கள் கையிலேயே சொந்தத் தரவு இருக்கும்.